பூட்டிய பள்ளிக்கூடத்தை விற்பது எப்படி: பிலடெல்பியாவில் நடந்ததும் நடக்காததும்

2015ஆம் ஆண்டுக் கோடையில், தென் பிலடெல்பியாவில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் தற்காலிக மதுக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அந்த நகரில் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்த 'லெ பெக் ஃபின்' என்ற பிரெஞ்சு உணவகத்தின் பெயரை லேசாகத் திருப்பி, 'லெ பாக் ஃபின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே நின்று பார்த்தால், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளின் தட்டைக் கூரைகளுக்கு அப்பால் நகர மையத்தின் உயரமான கட்டடங்கள் அத்தனையும் தெரியும். பொழுது சாயும் நேரத்து அந்தக் காட்சிக்காகவே கூட்டம் வந்தது. கூட்டம் ஏறிச் சென்ற கட்டடமோ, இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை எட்வர்ட் பாக் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியாக இருந்தது.

பணமில்லை என்று சொல்லி மூடப்பட்ட அரசுப் பள்ளியின் தலைமேல் உட்கார்ந்து கோப்பையை உயர்த்துவது என்ன நாகரிகம் என்று ஒரு சாரார் கேட்டார்கள். பூட்டிப் போட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தால் அது நாகரிகமா என்று இன்னொரு சாரார் திருப்பிக் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த விவாதம் தொடங்கிய நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவை எல்லாம் முடிந்து போயிருந்தன. மூடிய பள்ளியை விற்கலாமா கூடாதா என்று ஊர் இரண்டுபட்டு நிற்கும்போது, எந்த முடிவுக்குப் பிறகு எந்த முடிவு எடுக்கப்படுகிறது என்ற வரிசையை யாரும் கவனிப்பதில்லை. பிலடெல்பியாவின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிசைதான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருந்தால் அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியாகவே இருக்கும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அரசுப் பள்ளி என்றே பொருள். அதை நடத்துவது மாநில அரசோ நகராட்சியோ அல்ல, கல்வி மாவட்டம் எனப்படும் தனி உள்ளாட்சி அமைப்பு. பள்ளிக் கட்டடங்கள் அந்த அமைப்பின் பெயரில் இருக்கின்றன. விற்றால் பணமும் அதற்கே. பென்சில்வேனியா மாநிலத்தில் இப்படி 500 கல்வி மாவட்டங்கள் உண்டு. அவற்றில் தன் மக்களிடம் தானே வரி விதிக்கும் அதிகாரம் இல்லாதது பிலடெல்பியா மட்டும்தான். நகர மன்றமும் மாநில அரசும் கொடுத்தால்தான் அதன் கையில் காசு. போதாக்குறைக்கு, 2001 டிசம்பரில் மாநில அரசு அந்த மாவட்டத்தின் நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டு, பள்ளிச் சீரமைப்பு ஆணையம் என்ற ஐவர் குழுவிடம் ஒப்படைத்தது. மூவரை ஆளுநரும் இருவரை மேயரும் நியமிப்பார்கள். ஐவரில் ஒருவரைக்கூட வாக்காளர் தேர்ந்தெடுப்பதில்லை. பள்ளிகளை மூடியதும் பெரும்பாலான விற்பனைகளுக்கு ஒப்புதல் தந்ததும் இந்தக் குழுவே.

மூடுவதற்கான காரணங்களைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நகரின் மக்கள்தொகை 1950க்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் குறைந்துகொண்டே வந்தது. எஞ்சிய பிள்ளைகளில் பெரும் பகுதியினர், அரசுப் பணத்தில் தனி நிர்வாகங்கள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போனார்கள். 2012ஆம் ஆண்டு வாக்கில் மாவட்டத்தின் பள்ளிகளில் சுமார் 53,000 இருக்கைகள் காலியாக இருப்பதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டுக்கான பற்றாக்குறை 30 கோடியே 40 லட்சம் டாலர். மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் வில்லியம் ஹைட் 2012 டிசம்பரில் 37 பள்ளிகளை மூடப் பரிந்துரைத்தார். எதிர்ப்புக்குப் பின் பட்டியல் சுருங்கியது. 2013 மார்ச் 7 அன்று ஆணையம் 23 பள்ளிகளை மூட வாக்களித்தது. அன்று கூட்ட அரங்கின் வாயிலை மறித்ததற்காகக் கைதான 19 பேரில், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ராண்டி வைன்கார்ட்டனும் ஒருவர். மூடப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் கருப்பினப் பிள்ளைகள் என்பது அந்த எதிர்ப்பின் அடிநாதமாக இருந்தது.

மூடுவதால் மிச்சமாகும் என்று சொல்லப்பட்ட தொகை ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர். பற்றாக்குறையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. எனவே கட்டடங்களை விற்று வரும் பணத்தின் மேல் எல்லோருடைய கண்ணும் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில், கையில் 5 கோடி டாலர் கிடைக்காவிட்டால் பள்ளிகளைக் குறித்த நாளில் திறக்க முடியாது என்று ஹைட் அறிவித்தார். ஜூனில்தான் 3,783 ஊழியர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு போயிருந்தது. நகரம் கடன் வாங்கி அந்தத் தொகையைத் தரலாம் என்றார் மேயர் மைக்கேல் நட்டர். நகர மன்றத் தலைவர் டாரல் கிளார்க் வேறு வழி சொன்னார்: காலிப் பள்ளிகளை நகரமே 5 கோடிக்கு வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாக விற்கட்டும். பார்வைக்கு இது கணக்குச் சண்டை. உள்ளே இருந்தது, விற்கும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற போட்டி. எந்தத் தெருவில் எது வர வேண்டும் என்பதில் அந்தந்தத் தொகுதி உறுப்பினரின் சொல் எடுபடுவது பிலடெல்பியா நகர மன்றத்தின் நெடுநாள் வழக்கம். கட்டடங்கள் நகரத்தின் கைக்கு வந்தால் அந்த வழக்கமும் கூடவே வரும். கல்வி மாவட்டத்துக்கோ வேண்டியது பணம், அதுவும் உடனே. பள்ளிகள் செப்டம்பர் 9 அன்று திறந்தன. காலிக் கட்டடங்களை வேகமாகத் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் நீடித்தது.

அவசரத்தில் விற்பவனுக்கு நல்ல விலை கிடைக்காது என்பதைச் சந்தையில் மாடு விற்றவர்கள் யாரும் சொல்வார்கள். பள்ளிக் கட்டடத்தில் இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. பியூ அறக்கட்டளை 2013 தொடக்கத்தில் 12 நகரங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2005 முதல் அந்த நகரங்களில் 267 பள்ளிச் சொத்துகள் கைமாறியிருந்தன அல்லது வேறு பயன்பாட்டுக்குப் போயிருந்தன. 2012 இறுதியில் இன்னும் 301 சொத்துகள் ஆள் தேடிக் காத்திருந்தன. விற்றவற்றில் பெரும்பாலானவை இரண்டு லட்சம் முதல் பத்து லட்சம் டாலர் வரைதான் போயின. மறுவாழ்வு பெற்ற கட்டடங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சார்ட்டர் பள்ளிகளிடம் சென்றன. பல மாவட்டங்களுக்கு இது தொண்டையில் சிக்கிய முள்: தன்னிடமிருந்து மாணவர்களை இழுத்துச் சென்ற போட்டியாளருக்கே கட்டடத்தையும் கொடுத்தால், அடுத்த ஆண்டு இன்னொரு பள்ளியை மூட வேண்டி வரலாம். கொடுக்காவிட்டால் வேறு ஆள் வராமல் போகலாம்.

ஏன் வாங்க ஆள் வருவதில்லை? பழைய பள்ளிக் கட்டடத்துக்குள் நடந்து பார்த்தால் புரியும். அகலமான நடைபாதைகள், பதினைந்து அடி உயரக் கூரைகள், ஒரே அளவில் வரிசையாக வகுப்பறைகள், நடுவே யாருக்கும் பயன்படாத பெரிய அரங்கமும் உடற்பயிற்சிக் கூடமும். வீடாக மாற்றினால் நடைபாதை வீண். அலுவலகமாக்கினால் குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு கட்டுப்படியாகாது. குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை முறைப்படி அகற்றாமல் ஒரு சுவரைக்கூட உடைக்க முடியாது. இத்தனைக்கும் மேல், பெரும்பாலான மூடிய பள்ளிகள் வீட்டு மதிப்பு விழுந்த பகுதிகளில் இருக்கின்றன. பிள்ளைகள் குறைந்ததற்கும் வாங்குபவர் குறைந்ததற்கும் காரணம் ஒன்றே.

இங்கேதான் விலையைப் பற்றிய விவாதம் திசைமாறுகிறது. பாக் பள்ளியை ஸ்கவுட் என்ற நிறுவனம் வாங்கிய விலை 17 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கட்டடத்தின் பரப்பு சுமார் 3,40,000 சதுர அடி. அதாவது சதுர அடிக்கு ஐந்து டாலருக்குச் சற்று அதிகம். பெருமந்தக் காலத்தில் மத்திய அரசின் பொதுப்பணி நிதியில் எழுப்பப்பட்டு 1938இல் திறக்கப்பட்ட, தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்ற கட்டடம் அது. கொத்து வேலை, தையல், குழாய் வேலை, சிகையலங்காரம், சமையல் என்று முக்கால் நூற்றாண்டு காலம் தொழில் கற்றுக்கொடுத்த இடம். அடிமாட்டு விலை என்று கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே மாவட்டம் அதே காலத்தில், மேற்குப் பிலடெல்பியாவின் யூனிவர்சிட்டி சிட்டி உயர்நிலைப் பள்ளியையும் அதை ஒட்டிய சொத்துகளையும் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 51 லட்சம் டாலருக்கு விற்றது. அங்கே நிலம் சுமார் 14 ஏக்கர். வகுத்துப் பார்த்தால், அங்கே ஒரு ஏக்கரின் விலையும் இங்கே எட்டு மாடிக் கட்டடம் முழுவதன் விலையும் ஏறக்குறைய ஒன்று. அங்கே நின்ற பள்ளிக் கட்டடத்தை வாங்கியவர்கள் இடித்தே தள்ளினார்கள். விலை என்றுமே கட்டடத்துக்கு இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதற்குத்தான்.

சட்டம் விலையைப் பார்க்கச் சொல்கிறது, பயனைப் பார்க்கச் சொல்வதில்லை. பென்சில்வேனியாவின் பொதுப் பள்ளிச் சட்டத்தின் 707ஆம் பிரிவின்படி, வேண்டாத பள்ளிச் சொத்தை மூன்று வழிகளில் விற்கலாம்: பகிரங்க ஏலம், மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி, அல்லது நீதிமன்ற ஒப்புதலுடன் தனிப்பட்ட விற்பனை. மூன்றாவது வழியில் போனால், நில மதிப்பு அறிந்த, அந்த விற்பனையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதாயம் இல்லாத இருவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சொல்லப்பட்ட விலை நியாயமானது, பகிரங்க விற்பனையில் இதைவிட நல்ல விலை கிடைக்காது என்று அவர்கள் சொல்ல வேண்டும். வாங்குபவர் அங்கே என்ன செய்யப் போகிறார், அக்கம்பக்கத்தார் அதை விரும்புகிறார்களா என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில் வராது. பாயின்ட் பிரீஸ் பகுதியில் வால்டர் ஸ்மித் தொடக்கப் பள்ளியைக் காப்பாற்ற நீதிமன்றம் ஏறிய குடியிருப்பாளர்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். எங்கள் பகுதிக்கு இந்தப் பள்ளி இன்னும் தேவை என்பது அவர்களின் வாதம். விலை நியாயமா என்பது நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. இரண்டும் ஒன்றையொன்று தொடாத கோடுகள். வழக்கு இழுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் பாயின்ட் பிரீஸில் வீட்டு விலைகள் ஏறிக்கொண்டே போயின. முன்பே பேசி வைத்த விலை மட்டும் அப்படியே நின்றது.

ஸ்மித் பள்ளி தனியாக விற்கப்படவில்லை. மேரிலாண்டைச் சேர்ந்த கன்கார்டியா குழுமத்துக்கு ஐந்து பள்ளிகளைக் கட்டாக 68 லட்சம் டாலருக்குக் கொடுக்க மாவட்டம் ஒப்புக்கொண்டிருந்தது; ஸ்மித்தும் அதில் ஒன்று. சந்தையில் நல்ல கத்தரிக்காயோடு சொத்தையையும் சேர்த்துக் கட்டி விற்பது போன்ற ஏற்பாடு இது. எல்லோரும் விரும்பும் கட்டடத்தோடு யாரும் தொடாத கட்டடத்தையும் தள்ளிவிடலாம் என்பது விற்பவரின் கணக்கு. வாங்கியவரின் கணக்கு வேறு: ஐந்தில் இரண்டில் உடனே பணம் பண்ணலாம், மற்றவை காத்திருக்கட்டும். காத்திருந்தவற்றில் ஒன்று ஜெர்மன்டவுன் உயர்நிலைப் பள்ளி.

ஜெர்மன்டவுன் தன் பழமையில் பெருமை கொள்ளும் பகுதி. அமெரிக்க மண்ணில் அடிமை முறையை எதிர்த்து எழுதப்பட்ட முதல் மனுக்களில் ஒன்று 1688இல் இங்கே கையெழுத்தானது. பள்ளியும் அந்தப் பெருமையின் பங்கு. வெள்ளைத் தூண்கள் தாங்கும் முகப்பு, பிரதானச் சாலையைப் பார்த்தபடி விரிந்த வளாகம், நான்கு தலைமுறைப் பழைய மாணவர்கள். நூற்றாண்டு விழாவுக்கு ஓராண்டே பாக்கி இருந்தபோது, 2013 ஜூனில் அது மூடப்பட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த ஃபுல்டன் தொடக்கப் பள்ளியும் அதே நாளில் மூடப்பட்டது. பிள்ளைகளை மார்ட்டின் லூதர் கிங் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்; விளையாட்டு மைதானத்தில் காலங்காலமாகப் பரம எதிரி அந்தப் பள்ளி. நேற்றுவரை மோதிக்கொண்டவர்கள் ஒரே கால்பந்து அணியில் ஆட வேண்டியதாயிற்று. பாக் மாணவர்களுக்கும் இதே கதைதான்: தங்கள் போட்டிப் பள்ளியான சவுத் பிலடெல்பியாவுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

ஒரே ஆணையம், ஒரே நாள் வாக்கெடுப்பு, இரண்டு கட்டடங்கள். பாக் விரைவிலேயே விலைபோய், மூடிய இரண்டே ஆண்டுகளில் மக்கள் நடமாடும் இடமானது. ஜெர்மன்டவுன் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. பூட்டிய கட்டடம் சும்மா இருப்பதில்லை. முதல் குளிர்காலத்தில் சூடேற்றியை நிறுத்தினால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். தாமிரக் குழாய்க்கும் கம்பிக்கும் ஆள் உள்ளே நுழைவார்கள். கூரையில் ஒரு இடம் ஒழுகினால், இரண்டு ஆண்டில் அதற்குக் கீழே இருக்கும் மூன்று தளங்களின் மரத்தரையும் உப்பி எழும். விற்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று நினைக்கும் குடியிருப்பாளர்களிடம் எனக்கு உடன்பாடில்லாதது இந்த இடத்தில்தான். காத்திருப்பதற்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் பூட்டிய வாசலுக்கு எதிரே குடியிருப்பவர்கள். தெருவிளக்கு எரியாத பக்கம் நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் பெண்கள், காப்பீட்டுத் தொகை ஏறும் வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் வராமல் வியாபாரம் படுத்த மூலைக்கடைக்காரர் எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

விற்பனையை ஆதரிப்பவர்கள் வழக்கமாக எடுத்து வைக்கும் இன்னொரு வாதம் வரியைப் பற்றியது. பள்ளியாக இருந்தவரை சொத்து வரி இல்லை. தனியார் கைக்குப் போனால் வரி வரும், அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே திரும்பும் என்பார்கள். பிலடெல்பியாவில் சொத்து வரியில் ஏறத்தாழ 55 சதவீதம் கல்வி மாவட்டத்துக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் அதே நகரத்தில், புதிதாகக் கட்டினாலும் பழையதைப் புதுப்பித்தாலும், அதனால் கூடும் மதிப்புக்குப் பத்து ஆண்டுகள் வரிவிலக்கு என்ற திட்டம் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்தது. பத்து லட்சத்துக்கு வாங்கிய கட்டடத்தைப் புதுப்பித்து ஒரு கோடி ஆக்கினால், கூடிய தொண்ணூறு லட்சத்துக்கும் பத்தாண்டு வரி கிடையாது. பள்ளிக்காக விற்ற கட்டடத்திலிருந்து பள்ளிக்கு வர வேண்டிய வரியில் பெரும்பகுதி இப்படி ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து வெளியேறும்வரை வராது. விவாதங்களில் இந்த விலக்கைக் குடியிருப்பாளர்கள் சொன்னார்கள். விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தார் பேசவே முடியாதா என்றால், முடியும், காலம் கடந்த பிறகு. பள்ளி நின்ற இடத்தில் குடியிருப்போ உணவகமோ நடத்த வேண்டுமானால், நில உபயோக விதிகளில் விலக்குப் பெற நகரின் முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். 2012இல் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பின்படி, அதற்கு முன்னால் பதிவு பெற்ற குடியிருப்போர் அமைப்பின் கூட்டத்தில் திட்டத்தை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். வாகனம் நிறுத்த இடம் எங்கே, இரவு எத்தனை மணிவரை சத்தம், குப்பை வண்டி எந்தப் பக்கம் வரும் என்று அங்கே துருவித் துருவிக் கேட்பார்கள். வாரியம் அவர்கள் சொன்னதைப் பதிவு செய்துகொள்ளும். ஆனால் கட்டடம் கைமாறி முடிந்திருக்கும். வாங்கியவர் பணம் போட்டுவிட்டார், இனி மறுத்தால் கட்டடம் பாழாகும் என்ற நெருக்கடி அந்தக் கூட்டத்தின் தலைக்கு மேல் தொங்கும். விற்பனையை முடிவு செய்த ஆணையக் கூட்டத்திலோ, ஆளுக்குச் சில நிமிடங்கள் பேசிவிட்டு உட்கார வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் நேரமில்லை. நேரம் கிடைக்கும் இடத்தில் அதிகாரமில்லை.

இதைத் தலைகீழாகச் செய்தது கான்சாஸ் சிட்டி. அந்த நகரம் 2010இல் தன் பள்ளிகளில் ஏறத்தாழ பாதியை ஒரே மூச்சில் மூடியது. பிலடெல்பியாவைவிடக் கொடிய வெட்டு. ஆனால் விற்பனைக்கு விளம்பரம் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டடத்தையும் குடியிருப்பாளர்களுக்குத் திறந்து காட்டினார்கள். கட்டடவியல் வல்லுநர்களும் நில மதிப்பு அறிந்தவர்களும் கூடவே நடந்து, இதில் என்ன சாத்தியம், என்ன ஆசை மட்டும் என்று விளக்கினார்கள். அதன் பிறகு கூட்டம் போட்டு, இந்த இடத்தில் எது வரலாம், எது வரவே கூடாது என்பதை எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பையும் சேர்த்தே வாங்குவோரை அழைத்தார்கள். வேகம் குறைவுதான், எல்லாக் கட்டடத்துக்கும் ஆள் கிடைத்துவிடவும் இல்லை. ஆனால் சண்டை விற்பனைக்கு முன்னால் நடந்து முடிந்தது.

பாக் கட்டடத்தின் இன்றைய நிலையை எப்படி மதிப்பிடுவது என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு இருக்கிறது. ஸ்கவுட் அதை இடிக்கவில்லை, ஆடம்பர வீடுகளாக நறுக்கவும் இல்லை. வகுப்பறைகளைப் பட்டறைகளாகவும் சிறு தொழிலகங்களாகவும் வாடகைக்கு விட்டது. நகை செய்பவர்கள், கண்ணாடி ஊதுபவர்கள், ரொட்டி சுடுபவர்கள், முடிதிருத்துபவர்கள் எல்லாம் உள்ளே இருக்கிறார்கள். கை வேலை கற்றுத்தந்த கட்டடத்தில் மறுபடி கை வேலை நடக்கிறது. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்தைப் புதுப்பித்தால் தகுதியான செலவில் 20 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற மத்திய அரசுச் சலுகை இப்படிப்பட்ட கட்டடங்களைப் பழைய தோற்றம் மாறாமல் வைத்திருக்கத் தூண்டுகிறது. நடைபாதையின் இருபுறமும் மாணவர்களின் இரும்புப் பெட்டகங்கள், கதவுகளில் அறை எண்கள், சுவர்களில் கரும்பலகைகள் என்று பள்ளியின் தடயங்கள் அப்படியே தெரிகின்றன. சிலருக்கு அது மரியாதை, சிலருக்கு அலங்காரம். சுற்றிலும் வசிப்பவர்கள் பழைய இத்தாலியக் குடும்பங்களும், கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்களும். அவர்களின் பிள்ளைகள் ஒரு தொழிலைச் செலவில்லாமல் கற்றுக்கொள்ளும் இடமாக அது இருந்தது. இப்போது அந்தத் தொழிலை நன்றாகச் செய்பவர்களிடம் காசு கொடுத்து வாங்கும் இடமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நான் நினைக்கவில்லை. பூட்டிக் கிடப்பதைவிடப் பல மடங்கு மேல் என்பதையும் மறுக்க மாட்டேன்.

கசப்பு அதிகம் தங்கியிருப்பது மேற்குப் பிலடெல்பியாவில். யூனிவர்சிட்டி சிட்டி பள்ளி எழுந்த நிலம் ஒரு காலத்தில் பிளாக் பாட்டம் என்ற கருப்பினக் குடியிருப்பு. சுற்றியிருந்த பல்கலைக்கழகங்கள் 1959இல் கூடி அமைத்த ஒரு கழகம், நகர்ப்புறச் சீரமைப்பு என்ற பெயரில் அறுபதுகளில் அந்தக் குடியிருப்பை அகற்ற வழி செய்தது; ஆயிரக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். அறிவியல் ஆய்வு மையமும் உயர்நிலைப் பள்ளியும் அங்கே வந்தன. பள்ளியாவது நம் பிள்ளைகளுக்கு என்பதுதான் எஞ்சிய ஆறுதல். அந்தப் பள்ளி 2013இல் மூடப்பட்டு, விற்கப்பட்டு, 2015இல் இடிக்கப்பட்டது. இன்று அங்கே ஆய்வுக்கூடங்களும் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. ஒரே குடும்பம் ஒரே நிலத்தை இரண்டு தலைமுறையில் இரண்டு முறை இழந்தது என்று அங்குள்ள முதியவர்கள் சொல்லும்போது, சதுர அடிக் கணக்கை வைத்து அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

நகரமும் கல்வி மாவட்டமும் இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டனவா என்று பார்க்க இப்போது வாய்ப்பு வந்திருக்கிறது. ஆணையம் 2017 நவம்பரில் தன்னைத் தானே கலைக்க வாக்களித்தது. 2018 ஜூலை முதல் மேயர் நியமிக்கும் உள்ளூர் வாரியம் பொறுப்பில் இருக்கிறது. 2024இல் அந்த வாரியம் நகரின் பள்ளிக் கட்டடங்கள் அனைத்தையும் மறுஆய்வு செய்யும் பணியைத் தொடங்கியது. மேயர் செரெல் பார்க்கரோ 30,000 வீடுகளைக் கட்டவும் பாதுகாக்கவும் இலக்கு வைத்திருக்கிறார். அதற்கு நிலம் வேண்டும், காலிக் கட்டடம் வேண்டும். எந்தப் பள்ளி, எத்தனை பள்ளி என்பதில்தான் இம்முறையும் எல்லோருடைய கவனமும் போகும். நான் கேட்க விரும்புவது கிரயப் பத்திரத்தைப் பற்றி. விற்பவர் விரும்பினால் அதில் நிபந்தனை எழுதலாம்: இத்தனை ஆண்டுகளில் வேலை தொடங்காவிட்டால் சொத்து திரும்பி வர வேண்டும், இடிக்கக் கூடாது, தரைத்தளத்தில் இத்தனை அடி அக்கம்பக்கத்தார் பயன்பாட்டுக்கு, மறுவிற்பனையில் கிடைக்கும் லாபத்தில் இத்தனை பங்கு பள்ளிகளுக்கு. ஒவ்வொரு நிபந்தனையும் விலையைக் கொஞ்சம் குறைக்கும் என்பது விற்பவரின் கவலை. பாக் விற்ற விலை அந்த ஆண்டுப் பற்றாக்குறையில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

பிளாக் பாட்டம் நிலத்தில் 2021இல் ஒரு புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ட்ரெக்சல் முன்னின்று நிதி திரட்டிக் கட்டியது. உள்ளே இயங்குவது சாமுவேல் பாவல் தொடக்கப் பள்ளியும் அறிவியல் சார்ந்த ஒரு நடுநிலைப் பள்ளியும். இரண்டும் அரசுப் பள்ளிகள்; அந்தப் பகுதியில் பிள்ளைகள் அதிகமாகி, பழைய இடம் போதவில்லை.